நெடுந்தீவுக்குப் போகாத படகு

2024 பெப்ரவரி 11, ஞாயிறு

படகு வந்துவிட்டது.

மண்கும்பானில் மூடிக்கிடக்கும் விடுதியின் பின்வளவிலிருந்து லொறியில் ஏற்றி, ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் பக்கத்து வளவில் மரக்குற்றிகளின் மேல் இருத்தியாயிற்று. வழியில் தாழ்ந்து தொங்கிய மின்கம்பிகளை உயர்த்திப் பிடிக்க ஒருவன் பூவரசந்தடியோடு மேலே ஏறி நின்றான். சனம் கூடி நின்று பார்த்துச் சிரித்தது. ஒரு கிழவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "உது கப்பலோ பிள்ளை, வீடோ?" என்று கேட்டார். இரண்டுந்தான் என்றேன்.

முப்பது அடி. ஒரு அறை, இரண்டு படுக்கை, குனிந்து நின்று சமைக்க ஒரு குசினி, கதவு பூட்டாத ஒரு கழிவறை. கீழே டீசல் எஞ்சின். விடுதிக்காரர் வெளிநாட்டுச் சனத்துக்குக் கடல் காட்டவென்று வாங்கினாராம். ஒருவரும் வரவில்லை. அவர் லண்டனுக்கே திரும்பிப் போக, படகு வெயிலிலும் மழையிலும் கிடந்தது. ஜன்னல் இறப்பரில் புல் முளைத்திருக்கிறது.

நோர்வேயில் பேர்கன் நகரில் இருபத்தாறு வருடம் ஆசுபத்திரிச் சலவைப்பகுதியில் வேலை. அந்த ஜன்னலால் இப்படிப் படகுகள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். கூட வேலைசெய்த ஹில்டாவின் படகில் சுக்கான் பிடிக்கவும் பழகினேன். ஐம்பத்துநாலு வயதில் எனக்கென்று ஒன்று. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

வாங்கியது அக்காவுக்குத் தெரியும். இவ்வளவு பெரிதென்று தெரியாது.

பெப்ரவரி 14

பரமலிங்கம் அண்ணை வந்து பார்த்தார். ஊர்காவற்றுறையில் ஓடுகிற மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் எல்லாம் இவர் கைபட்டதுதான் என்கிறார்கள். அவரும் அதைத்தான் சொல்கிறார், வாய் ஓயாமல். மூடியைத் தூக்கி, மூக்கை உள்ளே விட்டு மணந்துபார்த்து, "தங்கச்சி, ஆள் சாகேல்லை. மயங்கிக் கிடக்கிறார்" என்றார்.

எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கேட்டேன்.

"ஒரு மாதம். நீர் ஒரு கை பிடிச்சா அதுக்குள்ளையும் முடியும்."

இறங்குதுறைக்குக் கிட்ட ஒரு அறை வாடகைக்கு எடுத்தேன். ஒரு மாதத்துக்குத்தானே. நயினாதீவிலிருந்து ஒவ்வொரு நாளும் கடல் கடந்து, குறிகட்டுவானில் பஸ் ஏறி, இரண்டு தீவு சுற்றி இங்கே வந்துபோக ஏலாது.

பெப்ரவரி 24, சனி

நயினாதீவுக்குப் போனேன். அக்கா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லது.

"படுக்கையும் இருக்கோ? அடுப்பும் இருக்கோ?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு, "இஞ்சையும் படுக்கை இருக்குத்தானே" என்றாள். அவ்வளவுதான்.

அத்தான் இருந்தவரை இந்த வீட்டில் விடியற்காலையிலேயே அடுப்பு எரியும். அவர் பூசை செய்த அம்மன் கோவிலுக்கு நைவேத்தியம், மாலை, வருகிறவர் போகிறவர். இப்போது பூசை அத்தானின் தம்பி குடும்பத்திடம். அவர்கள் அக்காவை மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள். வேலைக்கு மட்டும் கூப்பிடுவதில்லை. அவளுடைய மகன் ஹரிஷன் கனடாவில். அவள் தனியே இருக்கிறாள் என்றுதான் நான் போன ஆவணியில் எல்லாவற்றையும் விற்றுவிட்டு வந்தேன்.

கிணற்றடியில் ஒரு வாளி சுடுதண்ணீர் வைத்திருந்தாள். நான் கேட்கவில்லை. குளித்துவிட்டுக் குசினிக்குள் வா என்று அர்த்தம். ஐயர் வீடு. டீசல் மணத்தோடு அடுப்படிக்குப் போகக்கூடாது. சொல்லாமல் சொல்வதில் அக்கா கெட்டிக்காரி. குளித்தேன். ஆனால் சோறு இறங்கவில்லை. பின்னேரப் படகிலேயே திரும்பிவிட்டேன்.

மார்ச் 10

எஞ்சின் பேசியது!

முதலில் கறுப்புப் புகை, பிறகு வெள்ளை, பிறகு ஒரு இருமல். பரமலிங்கம் அண்ணை "ஐயோ, என்ர ராசா" என்று எஞ்சினைத் தட்டிக்கொடுத்தார். ஆனால் வாளியிலிருந்து இழுத்த தண்ணீர் புகைக்குழாயால் வெளியே வரவில்லை. உடனே நிறுத்தினோம். கடல்தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிரவைக்கிற பம்புக்குள் ஒரு இறப்பர்ச் சக்கரம் இருக்கிறது, இம்பெல்லர். அதன் இதழ்கள் காய்ந்து உடைந்து குழாய்களுக்குள் போயிருக்கின்றன. ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தோம். ஒரு இதழை மட்டும் காணவில்லை. அது எங்கே இருக்கிறது என்று நினைத்து நினைத்து மற்றதெல்லாவற்றையும் கழற்றியாயிற்று.

கை முழுக்கக் கறுப்பு. இவ்வளவு சந்தோசமாக நான் எப்போது இருந்தேன்?

மார்ச் 11

இதழ் அகப்பட்டது.

மார்ச் 24, ஞாயிறு

அக்கா நெடுந்தீவுக்குப் போனதே இல்லையாம். பிறந்தது தொடக்கம் கண்ணுக்கு முன்னால் கிடக்கிற தீவு. அத்தானுக்கு ஒருநாளும் ஒழியவில்லை. "உன்ர போட் ஓடத் தொடங்கினா ஒருக்கால் கூட்டிக்கொண்டு போவியோ? சாப்பாடு கட்டிக்கொண்டு வாறன். அங்கத்தைக் காட்டுக் குதிரையளைப் பாக்க வேணும்."

அறுபத்தொரு வயதில் குதிரை பார்க்க ஆசைப்படுகிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சித்திரை முடியுமுன் கட்டாயம் என்றேன். அதுவரைக்கும்தான் கடல் குளத்துத் தண்ணீர் மாதிரிக் கிடக்கும்.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு, கைவிசேஷக் காசு. கிணற்றடியில் சுடுதண்ணீர். கொழும்பிலிருந்து டீசல் வடிகட்டிகள் வந்துவிட்டன என்று அழைப்பு வந்ததால் நிற்கவில்லை.

ஏப்ரல் 27

தண்ணீரில் இறக்கினோம். மிதக்கிறது. மிதக்கும் என்று தெரியும், ஆனாலும் கரையில் அங்குமிங்கும் நடந்து நடந்து பார்த்தேன்.

எஞ்சினிலிருந்து சுழலிக்குப் போகிற தண்டு படகின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. அந்தத் துவாரத்தைக் கொழுப்பூட்டிய கயிறு சுற்றி அடைக்க வேண்டும். இறுக்கினால் தண்டு சூடாகும், தளர்த்தினால் படகு நிறையும். "சொட்டுச் சொட்டா விழவேணும், கண்ணீர் மாதிரி" என்றார் பரமலிங்கம் அண்ணை. நாள் முழுக்க நான் அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

மே 1

கடற்கோட்டையைச் சுற்றிக்கொண்டு வந்தோம்! கடற்படைக்காரர்கள் பதிவுப் பத்திரத்தைப் பார்த்துவிட்டுக் கை காட்டினார்கள். எஞ்சின் சூடேறவில்லை. "இனி நீர் நெடுந்தீவுக்கும் போகலாம்" என்றார் பரமலிங்கம் அண்ணை. அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வந்து நயினாதீவு இறங்குதுறையில் ஏற்றுவதாக.

மே 5, ஞாயிறு

போகவில்லை.

வெளிக்கிட எஞ்சினைத் திறந்து பார்த்தபோது, புகைக்குழாய் வளைகிற இடத்தில் துருக்கோடு ஒன்று. அதன் வழியே ஈரம். நூல் அளவுதான். பரமலிங்கம் அண்ணை ஒரு பட்டியைச் சுற்றிக்கட்டிவிட்டு, "போட்டு வாரும், வந்து பாப்பம்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அக்காவை ஏற்றிக்கொண்டு நடுக்கடலில் நின்றால்? கழற்றினோம். கழற்றினால் உள்ளே இன்னும் மோசம். அதைப் பார்க்கப் பார்க்க, அறைத் தரைப்பலகையும் உக்கல் என்று தெரிந்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்துவிடுவதே நல்லது.

அக்காவுக்கு எடுத்துச் சொல்ல மத்தியானம் திரும்பிவிட்டது. அதுவரை அவள் இறங்குதுறையில் நின்றிருக்கிறாள். புளிச்சோறும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக்கொண்டு.

"பரவாயில்லை. இராசமணி அக்காவும் நானும் இருந்து சாப்பிட்டம்" என்றாள். இராசமணி மாமி அவளுடைய பக்கத்து வீடு.

அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்றேன்.

மே 12

வளைகுழாய் இன்னும் வரவில்லை.

மே 21

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. நெடுந்தீவுப் பயணிகள் படகே இன்று போகவில்லை.

யூன் 19

அம்மன் கோவில் திருவிழா. தீவு கொள்ளாத சனம். அக்கா வீட்டில் கால் வைக்க இடமில்லை. அத்தானின் உறவுகள், புங்குடுதீவுக்காரர், கனடாவிலிருந்து வந்தவர்கள். நான் ஒரு நாள் நின்றேன்.

யாரோ ஒருத்தி அக்காவிடம், "தங்கச்சி உம்மோடைதானே இருக்கிறா?" என்று கேட்டது காதில் விழுந்தது. அக்கா, "ஓம், எனக்காகத்தான் எல்லாத்தையும் விட்டிட்டு வந்தவ" என்றாள். நான் அங்கே நிற்பது அவளுக்குத் தெரியாது.

தரைப்பலகைக்கு என்ன மரம் போடலாம் என்று அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டிருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது.

ஓகஸ்ட் 8

காற்றோடு காற்றாக அக்கா ஊர்காவற்றுறைக்கு வந்துவிட்டாள், தனியே, இரண்டு பஸ் மாறி. இடியப்பமும் சொதியும். அவள் இங்கே வருவது இதுதான் முதல் தடவை.

சரியாக எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த நேரம். புது வளைகுழாய் பூட்டி முதல் ஓட்டம். நான் தலைகீழாக உள்ளே. பரமலிங்கம் அண்ணை ஒரு பெட்டியைத் துடைத்து அக்காவை இருத்தினார். அவள் மேலே நின்று குனிந்து ஏதோ சொன்னாள், இரண்டு தரம். ஹரிஷன் பெயர் வந்தது. பணம் ஏதும் அனுப்புகிறானாக்கும். "உனக்குச் சம்மதமோ?" என்றது மட்டும் கேட்டது. "ஓம் ஓம், நீ நினைச்சபடி செய்" என்று கத்தினேன்.

நான் கை கழுவிக்கொண்டு வெளியே வர, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். இடியப்பம் ஆறிவிட்டது. வளைகுழாய் ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

செப்ரெம்பர் 16

கரைக்கு ஏற்றினோம். அடியில் ஒரு சாண் பாசியும் சிப்பியும். சுரண்டினால் பைபரில் கொப்புளங்கள், அம்மை போட்டது மாதிரி. குத்தினால் புளித்த மணத்தோடு தண்ணீர் வருகிறது. ஒவ்வொன்றையும் திறந்து, காயவைத்து, நிரப்பி, தேய்க்க வேண்டும். பரமலிங்கம் அண்ணைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இது ஒரு பெரிய வேலை" என்று கையைத் தேய்த்தார். வீட்டில் சும்மா இருக்கப் பயப்படுகிற மனிதர் அவர்.

நானும் அப்படியோ?

ஒக்ரோபர் 2

தேய்த்தல்.

ஒக்ரோபர் 20

தேய்த்தல். அக்கா கொழும்புக்குப் போய் வந்தாளாம். கண் காட்டவாக இருக்கும். நான் கேட்கவில்லை.

நவம்பர் 27

மூன்றாவது நாளாக மழை விடவில்லை. புயல் கடலில் நிற்கிறது என்கிறார்கள். வளவு குளமாகிவிட்டது. காலையில் ஒரு மரக்குற்றி சேற்றுக்குள் இறங்கி, படகு ஒரு பக்கம் சரிந்தது. நானும் பரமலிங்கம் அண்ணையும் அவருடைய மருமகனும் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஜாக்கி வைத்துத் தூக்கினோம். மேலே போட்டிருந்த படங்கைக் காற்று கொண்டுபோய்விட்டது. அறைக்குள் மெத்தை மிதக்கிறது. வாளியால் அள்ளி அள்ளித் தோள் கழன்றுவிட்டது.

தொலைபேசியில் அக்காவின் அழைப்புகள் தவறியிருக்கின்றன. சார்ஜ் போகிறது. பிறகு எடுப்போம்.

நவம்பர் 29

படகு தப்பிவிட்டது.

டிசம்பர் 8, ஞாயிறு

கடல் திறந்து முதல் படகில் போனன். இறங்குதுறையிலேயே இராசமணி மாமி நிண்டா. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினா. பிறகு அவவால ஏலாமல் திரும்பிச் சொன்னா: "உன்ர அக்காவுக்கு நாலு நாள் காய்ச்சல். எழும்பேலாமல் கிடந்தவ. கஞ்சி காய்ச்சிக் குடுத்தது நான். வெள்ளத்துக்குள்ளை ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் நாங்கள்தான். உனக்கு எத்தினை தரம் எடுத்தவ தெரியுமோ?"

நான் படகுக்குள்ளை தண்ணி அள்ளிக்கொண்டு நிண்டனான்.

அக்கா கதிரையில சுருண்டு இருந்தா. மெலிஞ்சு போனா. ஏன் எனக்குச் சொல்லேல்லை, ஆரையேன் அனுப்பியிருக்கலாமே எண்டு நான் — நான்! — அவவில பாய்ஞ்சன்.

"உனக்கு வேலை எண்டு தெரியும்" எண்டா.

பிறகு சொன்னா, மாசி நடுவில கனடா போறாவாம். விசா கிட்டத்தட்டச் சரியாம். கொழும்புக்குப் போனது கண்ணுக்கில்லை, கைரேகை குடுக்க.

"எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமலோ?"

"உன்னட்டைக் கேட்டனான் சிவா. ஊர்காவற்றுறைக்கு வந்து கேட்டனான். ஹரிஷன் கூப்பிடுறான், நீ இஞ்சை தனிய நிப்பியோ, உனக்குச் சம்மதமோ எண்டு. நீ ஓம் எண்டனி."

எஞ்சின் சத்தத்தில கேக்கேல்லை எண்டு சொன்னன். அக்கா என்னைப் பாத்துக்கொண்டே இருந்தா. கோபமே இல்லை. அதுதான் —

"நீ என்னை மறிப்பாய் எண்டு நினைச்சுத்தான் வந்தனான். மறிச்சிருந்தா அவனுக்கு மாட்டன் எண்டு சொல்லியிருப்பன். நீ எனக்காக வந்தனி எண்டு ஊர் முழுக்கச் சொன்னனான் நான்."

இனி என்னத்தை எழுத.

டிசம்பர் 15

ஊர்காவற்றுறை அறையைக் காலிசெய்துவிட்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். பரமலிங்கம் அண்ணையிடம் சாவியைக் கொடுத்து, மிச்சத்தை அவரையே பார்க்கச் சொன்னேன். "நீர் இல்லாமல் என்ன வேலை தங்கச்சி" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

டிசம்பர் 22

பொதி கட்டத் தொடங்கிவிட்டோம். கம்பளிச் சட்டை என்றால் எனக்குத்தான் தெரியும் என்று அக்கா என்னிடமே விட்டுவிட்டாள். குளிர் எப்படி இருக்கும், காது மூட வேண்டுமா, வீட்டுக்குள்ளும் சப்பாத்துப் போடுவார்களா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பயப்படுகிறாள். ஆனால் ஹரிஷனின் மகன் வீடியோ அழைப்பில் தோன்றி "அப்பம்மா, எப்ப வாறீங்கள்?" என்று கேட்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். இந்த வீட்டில் நான் அப்படி ஒரு முகத்தைக் கண்டதில்லை.

பின்னேரம் வளவு கூட்டிவிட்டு வந்தேன். கிணற்றடியில் சுடுதண்ணீர். டீசலும் இல்லை, கிறீசும் இல்லை, இப்போது எதற்கு என்று கேட்டேன். கொஞ்சம் எரிச்சலோடுதான்.

"நீ வந்த நாளிலையிருந்து இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு நடக்கிறாய். பச்சைத்தண்ணி கூடாது எண்டுதானே சுடவைக்கிறனான்" என்றாள்.

ஒரு வருடமாக அதை வேறு மாதிரி வாசித்திருக்கிறேன்.

2025 ஜனவரி 9

விசா வந்துவிட்டது.

ஜனவரி 14

பொங்கல். பானை பொங்கிச் சரிகிற நேரம் கேட்டுவிட்டேன். "போகாதை அக்கா."

அகப்பையை வைத்துவிட்டு, சேலைத்தலைப்பால் கையைத் துடைத்தாள். "இப்ப சொல்லுறாய்" என்றாள். அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிட்டு, "அந்தக் குழந்தைக்குச் சொல்லியாச்சு, சிவா. என்ர கையாலை சோறு தீத்தச் சொல்லிக் கேக்குது. நான் எப்பிடி மாட்டன் எண்டிறது?"

ஏலாதுதான். நான் அவளிடம் கேட்டது நியாயமும் இல்லை. ஒரு வருடம் அவள் என் வழி பார்த்து நின்றாள், நான் வரவில்லை. இப்போது எனக்காக அவள் போகாமல் நிற்க வேண்டுமாம்.

ஜனவரி 30

பரமலிங்கம் அண்ணை தொலைபேசியில்: கொப்புள வேலை முடிந்துவிட்டது, பெயின்ற் காய்ந்துவிட்டது, இறக்கிவிட்டாராம். "ஒரு பிழையும் இல்லை. எனக்கு நம்பிக்கை வராமல் கிடக்கு" என்றார். நானும் சிரித்தேன்.

அக்காவிடம் சொன்னேன். "அப்ப என்னைக் குறிகட்டுவானுக்கு அதிலை கொண்டுபோய் விடு. லோஞ்சிலை சனத்துக்குள்ளை பெட்டியளோடை ஏற ஏலாது" என்றாள்.

முதன்முதலாக என்னிடம் ஒன்று கேட்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, முதன்முதலாக இல்லை.

பெப்ரவரி 15, சனி

ஊர்காவற்றுறையிலிருந்து தனியே ஓட்டிக்கொண்டு வந்தேன். ஒரு குறையும் இல்லை. நயினாதீவு இறங்குதுறையின் மறைவில் கட்டியிருக்கிறேன்.

பெப்ரவரி 16, ஞாயிறு

எழுத வேண்டும். இன்றைக்கே எழுதாவிட்டால் வேறு மாதிரி நினைவில் வரும்.

காலையில் அம்மன் கோவிலுக்குப் போய் வந்தோம். அத்தானின் தம்பி விபூதி கொடுத்து, "போட்டு வாங்கோ அண்ணி" என்றார். இராசமணி மாமி இறங்குதுறை வரைக்கும் அழுதுகொண்டு வந்தார். இரண்டு பெரிய பெட்டி, ஒரு கைப்பை, ஊறுகாய்ப் போத்தல் சுற்றிய ஒரு துவாய். என் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா படகில் இறங்கினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள், கோவிலுக்குள் வருவது மாதிரி.

அறைக்குள் போனாள். புதுத் தரைப்பலகை, நான் தைத்த மெத்தை உறை, துடைத்த ஜன்னல். படுக்கையின் ஓரத்தில் இருந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். குசினி அலுமாரியைத் திறந்து மூடினாள்.

"வடிவாச் செய்திருக்கிறாய்" என்றாள்.

அவள் உண்மையாகவே சொன்னாள். அதில் ஒரு குத்தலும் இல்லை. எனக்குக் கடல் தெரியவில்லை.

கயிற்றை அவிழ்த்து வெளிக்கிட்டேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. எஞ்சின் ஒரே சீராகப் பாடியது. ஒரு தரமாவது இரும மாட்டாதா என்று காத்திருந்தேன். ஒரு வருடம் ஏதோ ஒன்றை உடைத்துக்கொண்டே இருந்த படகு, இன்றைக்கு ஒரு ஆணி கூடத் தளரவில்லை. அக்கா எழும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். காற்றில் அவளுடைய தலைமயிர் பறந்து என் தோளில் பட்டது. தெற்கே நெடுந்தீவு மெல்லிய கோடாகக் கிடந்தது.

"அக்கா, போட்டு வருவமா? இப்ப? ஒரு மணித்தியாலத்திலை போயிடலாம்."

அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். பார்த்துக்கொண்டு நின்றாள். ஓம் என்பாள் என்றே நினைத்தேன்.

"வான் நிக்குது பிள்ளை" என்றாள்.

ஹரிஷனின் கூட்டாளி ஒருவன் வானோடு குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று கை காட்டினான். கயிறு எறிந்து கட்டினேன். பெட்டிகளைத் தூக்கினார்கள். கும்பிட்டுக்கொண்டு ஒரு சொல் சொன்னாள், "சாப்பிடு". வான் புங்குடுதீவு வீதியில் திரும்பி மறைந்தது.

சோற்றுப்பானைக்குள் எனக்குச் சோறு போட்டு மூடி வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து பார்த்தேன்.

பெப்ரவரி 19

போய்ச் சேர்ந்துவிட்டாள். பனி பார்த்தாளாம். உப்பு மாதிரி இருக்கிறதாம்.

மார்ச் 3

பரமலிங்கம் அண்ணை தொலைபேசி எடுத்தார். திருகோணமலையில் ஒருவர் படகை விலைக்குக் கேட்கிறாராம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "விக்காதையும். ஆனா விக்கிறதெண்டா எனக்குத்தான் முதல் சொல்லவேணும்" என்றார். அவரிடம் எங்கே வாங்க வசதி. பாவம், இடைக்கிடை வந்து படகைப் பார்த்துப் போகட்டும்.

மார்ச் 16

படகின் படுக்கையில் ஒரு மத்தியானம் படுத்துப் பார்த்தேன். நல்ல படகுதான். அதில் ஒரு பிழையும் இல்லை.

ஏப்ரல் 1

அக்கா அழைத்தாள். பேரனைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிடுவது இவள்தானாம். பக்கத்துத் தெருவில் ஒரு கோவில் இருக்கிறதாம், அங்கே வெள்ளிக்கிழமைகளில் மாலை கட்டக் கூப்பிடுகிறார்களாம். சொல்லும்போது குரல் இருபது வயது குறைந்திருந்தது. திரும்பி வருவதைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

காலையில் படகின் பம்பைத் திறந்தேன். கடல் அமைதியாக இருக்கும்போதே புது இம்பெல்லர் போட்டுவிட்டால் நல்லது. ஆணிகளைக் கழற்றித் துணியில் வரிசையாக வைத்திருந்தேன்.

இறங்குதுறையில் நின்று இராசமணி மாமி கூப்பிட்டார். ஊர்காவற்றுறை ஆசுபத்திரியில் கிளினிக்காம். கூடப் போகிறதாகச் சொன்ன மருமகளுக்கு வரமுடியவில்லை. "நீ வேலையா நிக்கிறாய். அடுத்த கிழமை பாப்பம்" என்று தானே சொல்லித் தானே திரும்பினார்.

"நில்லுங்கோ மாமி, வாறன்."

பம்பை அப்படியே விட்டேன். ஆணிகளின் மேல் துணியின் மறுபாதியை மடித்துப் போட்டுவிட்டு, கையை மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டு ஏறினேன். பயணிகள் படகில் போனோம். பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை இருத்தினேன்.

வேலணை தாண்டும் வரைக்கும் முழங்கால் நோவு. பிறகு ஆட்டுக்குட்டி ஒன்று கிணற்றில் விழுந்த கதை. பிறகு தமையனின் மகன் எல்லை வேலியை நகர்த்தியது. அதை அக்கா வீட்டில் முன்பே இரண்டு தரம் கேட்டிருக்கிறேன். வேலியை எந்தப் பக்கமாக நகர்த்தினான் என்று கேட்டேன். மாமி திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு கைப்பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.